ஒரு நிமிடத்தில் நான்கு வணக்கம்

முனீஸ்வரிக்குப் பாக்கியிருந்தது ஒரே ஒரு கேள்வி. அதற்கு அவள் பதில் எழுத வேண்டியதில்லை. கேட்டால் போதும்.

சமயநல்லூரை அடுத்த ஒரு சிற்றூரில் அவள் பதினோரு வருடமாகப் பால்வாடி டீச்சர். மேற்பார்வையாளர் பதவிக்குப் போக மழலையர் கல்விப் பட்டயம் வேண்டும் என்றார்கள். அதை 2008 ஜூன் முப்பதாம் தேதிக்குள் காட்ட வேண்டும் என்றார்கள். அடுத்த வருடம் அவளுக்கு வயது கடந்துவிடும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அவளே விரல் விட்டு எண்ணித் தெரிந்துகொண்டாள். தென்திசைத் தொலைநிலைக் கல்வி நிறுவனத்தில் சேர்ந்தாள். ஐந்து தாள் எழுதினாள், ஐந்திலும் தேறினாள்.

ஆறாவது தாளுக்கு ஊடாட்டம் என்று பெயர். அதற்குத் தாள் கிடையாது. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை, நிறுவனம் தன் தலைமையிடத்திலிருந்து இணையத்தில் நேரலை நடத்தும். நாற்பத்தெட்டு ஊர்களில் உள்ள மையங்களில் மாணவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். மையத்துக்கு ஒரு நிமிடம். அந்த நிமிடத்தில் ஒரு மாணவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்டால் இருபது மதிப்பெண், கேட்காவிட்டால் பூஜ்யம். பூஜ்யத்துக்குப் பட்டயம் இல்லை.

மதுரைக்கான மையம் காளவாசலில், கிரிதரனின் ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருந்தது. மைய ஒருங்கிணைப்பாளர் துளசிராம், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கிரிதரன் அவருடைய மைத்துனர். கடையையும் பார்த்துக்கொண்டு மாடியில் கம்ப்யூட்டரையும் இயக்குவார். நிறுவனம் கொடுத்த திரை வந்த வாரமே கிழிந்துவிட்டதால், துளசிராம் வீட்டிலிருந்து ஓர் எட்டு முழ வேட்டியைக் கொண்டுவந்து சுவரில் அடித்திருந்தார். ஆகவே திரையில் யார் தோன்றினாலும் அவர் கழுத்துக்குக் கீழே பச்சைக் கரை ஓடியது. மாமனும் மைத்துனரும் தமிழில் பேசிக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். திடீரென்று வீட்டில் பேசும் சௌராஷ்ட்ரத்துக்கு மாறினால் எதுவோ கெட்டுப்போய்விட்டது என்று முனீஸ்வரி சீக்கிரமே தெரிந்துகொண்டாள்.

மையத்தில் ஊடாட்டம் பாக்கியிருந்தவர்கள் ஆறு பேர். ஜனவரி முதல் ஜூன் வரை மாதமும் ஆறு. சேர்க்கை எண் வரிசைப்படி எண் ஒன்று முனீஸ்வரி. எண் நான்கு மலைச்சாமி. எண் ஆறு ஹம்சவேணி, தெற்கு மாசி வீதிப் பக்கம் மழலையர் பள்ளி ஒன்றில் வேலை பார்ப்பவள். ஒருவர் முடித்தால்தான் அடுத்தவர்.

"நீங்க ஒழுங்கா கேட்டாத்தான்க்கா எனக்கு ஜூன்ல வரும்" என்றாள் ஹம்சவேணி. "என் தலையெழுத்து உங்க வாயிலதான் இருக்கு."

முனீஸ்வரியிடம் உண்மையிலேயே ஒரு கேள்வி இருந்தது. அவள் பால்வாடியில் அன்னக்கொடி என்று நான்கு வயதுப் பெண் பிள்ளை. சேர்ந்து ஆறு மாதமாகிறது. ஒரு வார்த்தை பேசியதில்லை. காது கேட்கிறது, சாப்பிடுகிறது, தூங்குகிறது. வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறது என்று தாய் சத்தியம் பண்ணுகிறாள். பால்வாடி வாசலை மிதித்தால் வாயை மூடிக்கொள்கிறது. அந்தப் பிள்ளையைப் பேச வைப்பது எப்படி? ஐந்து தாளுக்குப் படித்த புத்தகம் எதிலும் இது இல்லை. சொல்லிக் கொடுக்க ஆளிருக்கும் இடத்தில் கேட்டால் மதிப்பெண்ணும் கிடைக்கும், பிள்ளைக்கும் வழி கிடைக்கும் என்று நினைத்தாள்.

ஜனவரி பன்னிரண்டு. வேட்டியில் நிறுவனத்தின் இயக்குநர் முனைவர் அழகுமலை தோன்றினார். இருபத்துநான்கு நிமிடம் தொடக்கவுரை ஆற்றினார்.

"முன்பெல்லாம் மாணவன் ஒரு கேள்வி கேட்டால், ஆசிரியர் அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இருந்தது. எத்தனை நூற்றாண்டு அடிமைத்தனம்! அதிலிருந்து ஆசிரியரை விடுவித்ததுதான் இந்த ஊடாட்டம். நான் இங்கே இருப்பேன். நீங்கள் அங்கே இருப்பீர்கள். இதைவிட நெருக்கமாக நாம் இருந்ததே இல்லை."

காளவாசலின் நிமிடம் வந்தது. முனீஸ்வரி எழுந்து கைகூப்பி, "வணக்கம்யா" என்றாள்.

பெரியவர்களிடம் ஒன்று கேட்கப் போனால் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். அவர்கள் பதில் வணக்கம் சொன்னபிறகுதான் விஷயத்துக்குப் போக வேண்டும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தண்ணீர் குடிக்கச் சொல்லித் தருவார்களா? வணக்கம் சொல்லிவிட்டு நின்றாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. காளவாசலில் பேசியது தலைமையிடத்துக்குப் போய்ச்சேரப் பதினான்கு வினாடி ஆகும். அங்கே பேசியது இங்கே வர இன்னொரு பதினான்கு. இயக்குநர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வினாடி பொறுத்துப் பார்த்த முனீஸ்வரி, ஐயாவுக்குக் கேட்கவில்லை போலும் என்று இன்னும் சத்தமாக, "ஐயா, வணக்கம்யா" என்றாள். எட்டு வினாடி கழித்து அவருடைய வணக்கம் வந்தது. பெரிய மனிதர் சிரித்துக்கொண்டே கைகூப்பும்போது சும்மா நிற்க முடியுமா? மறுபடி ஒரு வணக்கம் சொன்னாள். பிறகு அவளுடைய இரண்டாவது வணக்கத்துக்கான பதில் வணக்கம் வந்து சேர்ந்தது. குழப்பத்தோடு அதற்கும் ஒன்று சொன்னாள். "ஐயா, எங்க பால்வாடியில ஒரு பிள்ள" என்று தொடங்கியபோது நிமிடம் முடிந்து வேட்டியில் அடுத்த ஊர் தெரிந்தது.

பதிவேட்டில் ஏறியது இது: வணக்கம் நான்கு. வினா இல்லை. மதிப்பெண் பூஜ்யம்.

இரவுச் சாப்பாட்டின்போது கணவன் அருள்பாண்டியிடம் சொன்னாள். அவன் பரவை காய்கறி மார்க்கெட்டில் ஏலம் கூறுகிறவன்.

"ஒரு நிமிசத்துல நாப்பது பெட்டி தக்காளியத் தள்ளி விடுறேன் நானு. ஒனக்கு ஒரு கேள்வி கேக்க முடியலயாக்கும்?"

"வணக்கம் சொல்லாம எப்படிங்க கேக்குறது?"

"நான் என்ன தக்காளிக்கு வணக்கமா சொல்றேன்?"

"தக்காளியும் அந்த ஐயாவும் ஒண்ணா?"

அருள்பாண்டி கொஞ்சம் யோசித்தான். "தக்காளிய அன்னன்னைக்கு வித்துறலாம்" என்றான்.

நாற்பத்தெட்டில் முப்பத்தொரு மையங்களில் இதே கதைதான் நடந்திருந்தது. நிறுவனத்தின் மாத அறிக்கை, முதல் நேரலையிலேயே நூற்றுப் பன்னிரண்டு ஊடாட்டங்கள் நிகழ்ந்ததாகவும், அவை அனைத்தும் மிகுந்த நாகரிகத்துடன் நடந்ததாகவும் சொன்னது. கூடவே சுற்றறிக்கை ஒன்று வந்தது. நேரத்தைச் சேமிக்கும் பொருட்டு இனி மாணவர்கள் வணக்கம் சொல்லக் கூடாது.

துளசிராம் அதை மூன்று முறை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "முப்பத்தஞ்சு வருசமா பிள்ளைகளை வணக்கம் சொல்லு, வணக்கம் சொல்லுன்னு அடிச்சிருக்கேன்ம்மா. இப்ப சொல்லாதேன்னு எந்தக் கையால அடிக்கிறது?"

பிப்ரவரி ஒன்பது. வரிசையில் காளவாசலுக்கு முன்னால் விருதுநகர். அங்கே எழுந்தவர் அழகம்மாள் என்ற நடுத்தர வயதுப் பெண். சுற்றறிக்கையை அப்படியே மதித்து, மைக்கைப் பிடித்ததும், "பிள்ளைக மண்ணத் திங்குறத எப்பிடி நிப்பாட்டுறது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். மொத்தம் நான்கு வினாடி.

பதினான்கு வினாடி கழித்து இயக்குநரின் முகம் கறுத்தது.

"வணக்கம் வேண்டாம் என்று கையெழுத்திட்டது நான்தான். மறுக்கவில்லை. அதற்காக உடனே நிறுத்திவிடுவதா? ஒரு தயக்கம் வேண்டாமா? ஒரு வருத்தம் வேண்டாமா? நாங்கள் சொன்னதை இத்தனை எளிதாகச் செய்துவிடுகிற மாணவர்களை வைத்துக்கொண்டு ஒரு நிறுவனம் எப்படி நடக்கும்?"

இந்தப் பொருள் பற்றி அவர் பன்னிரண்டு மணி வரை பேசினார். காளவாசலின் நிமிடம் அதில் போயிற்று. அழகம்மாளுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. மண் தின்னும் பிள்ளைகளைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த சுற்றறிக்கை இரண்டையும் சமாதானப்படுத்தியது. வணக்கம் உண்டு, ஆனால் நேரலையில் அல்ல. ஒவ்வொரு மாணவரும் தம் வணக்கத்தை முன்கூட்டியே குறுந்தகட்டில் பதிந்து, அது தம்முடைய வணக்கம்தான் என்று அரசு அதிகாரி ஒருவரிடம் சான்றொப்பம் வாங்கி, மூன்று படிகள் அனுப்ப வேண்டும். சேர்க்கை எண், பெயர், மையம், "மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு எனது பணிவான வணக்கம்" ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். முனீஸ்வரி சான்றொப்பத்துக்காக மூன்று நாள் அலைந்தாள். கால்நடை மருத்துவர் ஒருவர் குறுந்தகட்டை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எந்தப் பக்கத்துல வணக்கம் இருக்கு?" என்று கேட்டுவிட்டு உறையின்மேல் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் எட்டாம் தேதி நேரலையில் நாற்பத்தெட்டு மையங்களின் இருநூற்று எண்பத்தெட்டு வணக்கங்களும் ஒலிபரப்பாயின. ஒன்றுக்கு இருபது வினாடி. இயக்குநர் தொண்ணூற்றாறு நிமிடம் கூப்பிய கையை இறக்காமல் உட்கார்ந்திருந்தார். தொடக்கவுரையையும் சேர்த்துச் சரியாக இரண்டு மணி நேரம். கேள்விக்கு இடமில்லை. தோள்பட்டை பிடித்துக்கொண்டதால் இயக்குநர் ஒரு வாரம் மருத்துவ விடுப்பில் போனார் என்று பிறகு தெரிந்தது.

"அவருக்கு இது தேவைதான்" என்றார் கிரிதரன்.

"ச்சும்மா இருங்கண்ணே. பாவம், வயசான மனுசன்" என்றாள் முனீஸ்வரி. அவளுக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. களைப்பாக இருந்தது. பால்வாடியை உதவியாளரிடம் விட்டுவிட்டு, சமயநல்லூரில் பஸ் ஏறி, காளவாசலில் இறங்கி, புகையையும் ஹாரனையும் தாண்டி மாடியேறி, பூஜ்யம் வாங்கிக்கொண்டு திரும்புவது ஒரு விரதம் மாதிரி ஆகிவிட்டது.

ஏப்ரலில் வந்த சுற்றறிக்கை வினாக்களைச் சீர்படுத்தியது. இனி மாணவர்கள் நிறுவனம் தந்த இருபது வினாக்களில் தமக்கு ஒதுக்கப்பட்டதைத்தான் கேட்க வேண்டும். முனீஸ்வரிக்கு வந்தது பதினேழாம் வினா: "இந்த ஊடாட்ட முறையால் நான் அடைந்த பயன்களுள் தலையாயது எது?"

அவள் முறைப்படி ஒரு விண்ணப்பம் எழுதினாள். அன்னக்கொடியைப் பற்றி ஒரு பக்கம் விளக்கி, இதைக் கேட்க அனுமதிக்கும்படி வேண்டிக்கொண்டாள். எட்டாம் நாள் பதில் வந்தது: "தங்கள் வினாவுக்கு நிறுவனத்திடம் விடை இல்லாததால், அதனை வினாவாகக் கருத இயலவில்லை."

அதே சுற்றறிக்கையில் இன்னொரு சீர்திருத்தமும் இருந்தது. அதை ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி இயக்குநரே விளக்கினார்.

"வினா இங்கே வர நேரமாகிறது. விடை அங்கே போக நேரமாகிறது. நடுவில் நான் சும்மா உட்கார்ந்திருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். இனி அந்தப் பேச்சுக்கு இடமில்லை. விடை எங்களிடம் தயாராக இருக்கிறது. முதலில் விடையைச் சொல்லிவிடுவோம். நீங்கள் பிறகு வினாவைக் கேட்கலாம். உண்மையைச் சொன்னால், இத்தனை ஆண்டு அனுபவத்தில் எந்த வினாவும் எங்கள் விடையை மாற்றியதில்லை."

காளவாசலின் நிமிடத்தில் பதினேழாம் வினாவின் விடையைச் சொன்னார். அது அழகான விடை. ஐம்பத்தெட்டு வினாடி நீடித்தது. மிச்சமிருந்த இரண்டு வினாடியில் முனீஸ்வரி எழுந்து நிற்க மட்டும் முடிந்தது.

பதிவேடு: விடை பெற்றார். வினா எழுப்பவில்லை. பூஜ்யம்.

மே பத்தாம் தேதி காளவாசலில் காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லை. ஆறு பேரும் வெற்று வேட்டியைப் பார்த்தபடி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். மலைச்சாமி, "இன்னைக்குத்தான்யா நிம்மதியா இருந்துச்சு" என்றார்.

ஜூன் பதினான்குதான் கடைசி வாய்ப்பு. ஒரு நிமிடம், ஆறு பேர். எப்படிப் பார்த்தாலும் ஐந்து பேர் போக வேண்டியதுதான் என்றிருந்தபோது, நிறுவனத்துக்கே கருணை பிறந்தது. மின்தடையும் நேரக்குறைவும் மாணவர்களைப் பாதிக்காதபடி, எல்லாருடைய வினாக்களையும் குறுந்தகட்டிலேயே அனுப்பலாம். தலைமையிடத்தில் அவை வேகமாக, அடுத்தடுத்து ஒலிக்கும். ஆனால் இது நேரலை என்பதால், தம் குரல் ஒலிக்கும்போது மாணவர் தம் மையத்தில் மைக் முன்னால் அமர்ந்து வாயசைக்க வேண்டும். அந்நேரம் மைக் அணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

பதிவு ஒரு புதன்கிழமை நடந்தது. புதன்கிழமை பால்வாடியில் பிள்ளைகளை எடை போடும் நாள். முனீஸ்வரியால் வர முடியவில்லை. மலைச்சாமிக்குத் தொண்டை கட்டியிருந்தது. இன்னும் மூன்று பேருக்கு வாய் குழறியது. மாமனும் மைத்துனரும் கொஞ்ச நேரம் தம் மொழியில் பேசிக்கொண்டார்கள். கடைசியில் ஹம்சவேணியே ஆறு பேருக்கும் பேசிவிட்டாள். நல்ல கணீரென்ற குரல். சேர்க்கை எண் நான்கு, மலைச்சாமி என்று அவள் சொன்னபோது கொஞ்சம் கனமாகச் சொல்ல முயன்றதாகக் கிரிதரன் பிறகு தெரிவித்தார். கால்நடை மருத்துவர் இம்முறை எதுவும் கேட்காமலே கையெழுத்துப் போட்டார்.

"ஒங்களுக்கு ஒண்ணுமில்லம்மா" என்றார் துளசிராம் முனீஸ்வரியிடம். "வந்து உக்காந்து வாய ஆட்டிட்டுப் போயிருங்க. இருபது மார்க்கு. இதோட இந்தச் சனியன் விட்டுச்சு."

"எதச் சொல்லி சார் ஆட்டுறது?"

"எதையாச்சும் சொல்லுங்க. மைக்தான் ஆஃப்ல கெடக்குமே."

ஜூன் பதினான்கு. கரண்ட் இருந்தது. தலைமையிடத்தில் தகடு சுழன்றது. "சேர்க்கை எண் ஒன்று, முனீஸ்வரி, காளவாசல் மையம்" என்று ஹம்சவேணியின் குரல் கணீரென்று கேட்டது. முனீஸ்வரி மைக் முன்னால் உட்கார்ந்து வாயசைத்தாள். பதினேழாம் வினாவை அவள் மனப்பாடம் செய்திருக்கவில்லை; வாய்க்கும் அது வரவில்லை. வாய்தானே அசைய வேண்டும். ஆறு மாதமாக நெஞ்சில் கிடந்ததை மெல்லச் சொன்னாள்.

"எங்க பால்வாடியில அன்னக்கொடின்னு ஒரு பொம்பளப் பிள்ள. வீட்டுல அம்புட்டுப் பேசுதாம். எங்கிட்ட வந்தா வாயத் தொறக்க மாட்டேங்குது. பதினோரு மாசமாச்சு. பாட்டுச் சொன்னேன், மிட்டாய் கொடுத்தேன், மடியில வச்சுக் கெஞ்சினேன். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புற வயசு வருது. பேசாத பிள்ளைய அங்க மக்குன்னு ஒதுக்கிருவாகளோன்னு பயமா இருக்கு. நான் என்ன செய்யணும்? யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்களேன்."

கிரிதரன் மைக்கை அணைக்கவில்லை. போன மாதம் கரண்ட் இல்லாததால் அது தானாக அணைந்து கிடந்தது. அந்த நினைப்பிலேயே இருந்துவிட்டார்.

வேட்டியில் இயக்குநர் பதினேழாம் வினாவை மெச்சித் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு தலை நின்றது. நாற்பத்தெட்டு மையங்களிலும் முனீஸ்வரியின் குரல் ஒலித்துக்கொண்டிருந்தது.

"யார் அது?" என்றார். "யார் அந்தப் பெண்? யார் அவளைப் பேசவிட்டது? இது நேரலை என்பதுகூடவா தெரியாது?"

மாடியில் மாமனும் மைத்துனரும் சௌராஷ்ட்ரத்தில் ஏக காலத்தில் பேசத் தொடங்கினார்கள்.

ஜூன் இருபத்துமூன்றாம் தேதி பதிவுத் தபாலில் விசாரணை முடிவு வந்தது. அதன் நகல் நாற்பத்தெட்டு மையங்களுக்கும் போயிருந்தது. அருள்பாண்டி வாசித்துக்காட்டச் சொன்னான். முனீஸ்வரி வாசித்தாள்.

"பொருள்: ஊடாட்டத்தில் ஆள்மாறாட்டம். மேற்படி நாளில் சேர்க்கை எண் ஒன்றின் பெயரில் இரண்டு குரல்கள் ஒலித்தன. முதற்குரல் சான்றொப்பம் பெற்றது. இரண்டாம் குரலுக்குச் சான்றொப்பம் ஏதுமில்லை. எனவே முதற்குரலே முனீஸ்வரி என முடிவு செய்யப்படுகிறது. அவருக்கு இருபதுக்கு இருபது வழங்கப்படுகிறது. வாயசைப்பு குரலோடு பொருந்தவில்லை எனினும் இது முதன்முறை என்பதால் மன்னிக்கப்படுகிறது. அவரைப் போல் நடித்துக் குறுக்கிட்ட பெயர் தெரியாத பெண் மூன்றாண்டுகளுக்கு மையத்தினுள் நுழையத் தடை விதிக்கப்படுகிறது. முனீஸ்வரி, அப்பெண் தாம் அல்ல என்றும், அவள் எழுப்பிய வினாவுக்கும் தமக்கும் தொடர்பில்லை என்றும் எழுதிக் கையொப்பமிட்டுப் பட்டயத்தைப் பெற்றுக்கொள்ளலாம்."

"மலைச்சாமி அண்ணனுக்கு?" என்று கேட்டான் அருள்பாண்டி.

"அவருக்கும் இருபதுதான். சான்றொப்பம் இருக்குல்ல."

"அப்ப நீ யாரு?"

"அதான் போட்டுருக்காகளே. பெயர் தெரியாத பெண்."

"கையெழுத்துப் போடப் போறியா?"

அவள் கடிதத்தை நான்காக மடித்தாள். "முப்பதாந்தேதிக்கு இன்னும் ஏழு நாள்தான் இருக்கு" என்றாள். "போடாம? பதினோரு வருசங்க."

"போடு. நான் ஒண்ணும் சொல்லல." பிறகு, "பேசுனது நீதான்னு எனக்குத் தெரியும்" என்றான்.

இருபத்தேழாம் தேதி காளவாசல் போனாள். மையத்துக்குள் நுழைய முடியாது. நுழைந்தால் முனீஸ்வரியா மற்றவளா என்ற கேள்வி வரும். துளசிராம் அதை முன்பே யோசித்து, கீழே ஜெராக்ஸ் கடையின் பக்கவாட்டு ஜன்னலுக்கு அந்தப்புறம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அச்சிட்ட படிவத்தை நீட்டினார். "அப்பெண் நான் அல்லேன்" என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்திட்டாள். இரண்டு படிகளிலும் போட்டாள். பட்டயம் வெளியே வந்தது. சரிகை போட்ட காகிதம். ஊடாட்டம்: மிகச் சிறப்பு.

"சந்தோசமாப் போயிட்டு வாங்கம்மா" என்ற துளசிராம் எழுந்திருக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து மூடினார். மறுபடி திறந்தார். "இன்னொரு விசயம் இருக்கு. ஆனா ஒங்ககிட்ட சொல்றதுக்கில்ல."

"சொல்லுங்க சார்."

"சொல்லக் கூடாதும்மா. இப்பத்தான கையெழுத்துப் போட்டீங்க. அந்தப் பொம்பளைக்கு ஒம்பது தபால் கார்டு வந்திருக்கு."

முனீஸ்வரி ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

"பெறுநர், பெயர் தெரியாத பெண், ஊடாட்ட மையம், காளவாசல், மதுரைன்னு போட்டுருக்கு. ஒம்பதும் ஒம்பது ஊரு. அந்த ஆளு எங்க சார்னு தபால்காரர் கேக்குறாரு. நான் என்ன சொல்ல? பெறுநர் இல்லைன்னு எழுதித் திருப்பி அனுப்பணும். அதான் ரூல்."

"ஆமா சார். அனுப்பிருங்க" என்றாள். ஜன்னலை விட்டு நகரவில்லை.

துளசிராம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "திருப்பி அனுப்புறதுக்கு முன்னாடி, வந்தது சரியான கார்டுதானான்னு ஒருங்கிணைப்பாளர் வாசிச்சுப் பாக்கணும். எனக்கு வயசாச்சா, சத்தமா வாசிச்சாத்தான் மண்டையில ஏறும். அந்த நேரம் சன்னல் ஓரமா யாரோ நின்னா நான் என்ன செய்ய முடியும்?"

கிரிதரன் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினார். துளசிராம் மேலாக இருந்த கார்டை எடுத்து, பிள்ளைகளுக்கு டிக்டேஷன் போடுவதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"வணக்கம். நான் விருதுநகர் அழகம்மாள். வணக்கம் சொல்லாமல் கேள்வி கேட்டு மாட்டிக்கொண்டவள். நீங்கள் பேசியது எங்கள் மையத்தில் நன்றாகக் கேட்டது. எங்கள் பால்வாடியிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தாள். அவளிடம் எதுவும் கேட்காதீர்கள். பெயர் என்ன, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் என்ன செய்கிறாளோ அதை நீங்களும் பேசாமல் செய்யுங்கள். அவள் மணலைக் கொட்டினால் நீங்களும் கொட்டுங்கள். எங்கள் பிள்ளைக்கு ஐந்து வாரம் ஆனது. முதலில் என் காதில் மட்டும் சொன்னாள். அதை யாரிடமும் பெருமையாகச் சொல்லிவிடாதீர்கள், மறுபடி மூடிக்கொள்வாள். பதில் போடவும். மண் தின்பதை நிறுத்த உங்களுக்கு வழி தெரிந்தால் எழுதவும்."

கீழே அவர் முகவரி இருந்தது. அதையும் வாசித்தார், பின்கோடு உட்பட, இரண்டு முறை.

சாலையில் லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்துப் போனது. மற்ற எட்டு கார்டுகளையும் துளசிராம் வாசித்து முடித்து, ஒவ்வொன்றின் மேலும் "பெறுநர் இல்லை" என்று சிவப்பு மையில் எழுதினார்.

"கிரி அண்ணே, கடையில தபால் கார்டு இருக்கா?" என்றாள் முனீஸ்வரி.

இருந்தது. கடைப் பலகையில் வைத்து, பட்டயத்தைக் கீழே மெத்தை மாதிரி கொடுத்து எழுதினாள். அனுப்புநர் என்ற இடத்தில் பெயர் தெரியாத பெண் என்று போட்டாள். மண் தின்னும் பிள்ளைகளைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் தெரியும். பதினோரு வருடத்தில் ஏழெட்டுப் பேரைப் பார்த்திருக்கிறாள்.

வணக்கம் என்று எழுதினாள். பதிலுக்கு நிற்காமல் அடுத்த வரிக்குப் போனாள்.